வெயில் நமது, வித்தை யாருடையது?

சித்திரை மாதத்தில் நடுப்பகல் வேளையில் திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் பிரயாணம் செய்தவர்களிடம் வெயிலைப் பற்றி நாம் வர்ணனை செய்ய வேண்டியதில்லை. செம்மண் பொட்டலும், நீர் வற்றிய கண்மாயும், வரிசை வரிசையாக நிற்கும் தைலமரமும் கண்ணைக் கூச வைக்கும். மழை தவறிய வருஷங்கள் இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் எத்தனையோ உண்டு. வெயில் தவறிய வருஷம் ஒன்றுகூட இல்லை. இந்த வெயிலை நமது குடியானவர்கள் தலைவிதி என்று நினைத்துப் பொறுத்து வந்தார்கள். இன்றோ அதே வெயில் ஒரு பெருஞ் செல்வம் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அது செல்வமானால், அதை அனுபவிக்கப் போகிறவர் யார் என்பதே இப்பொழுது நம் முன் உள்ள கேள்வி.

2024-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி, காஞ்சிபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை திறந்து வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பர்ஸ்ட் சோலார் கம்பெனி சுமார் 70 கோடி டாலர் மூலதனத்தில் அதை அமைத்திருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் அபிவிருத்தி நிதி ஸ்தாபனம் 50 கோடி டாலர் வரை கடன் கொடுத்து உதவியது. வருஷத்தில் 3,300 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின் தகடுகளைச் செய்யும் திறன் அதற்கு உண்டு. சுமார் ஆயிரம் பேருக்கு நேரடியாக வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு தொழில் ஏற்பட்டதைக் குறித்து நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் சந்தோஷத்தோடு நின்றுவிடுவது தேச நன்மையில் சிரத்தையுள்ளவர்களுக்கு அழகன்று. அங்கே செய்யப்படும் பொருள் யாது, அதன் சூட்சுமம் யாரிடம் இருக்கிறது, அதனால் நமது கிராமங்களுக்கு வருவது என்ன, போவது என்ன என்பதையெல்லாம் நிதானமாக ஆராய வேண்டும்.

ஈயம் பூசும் வித்தை

ஜனங்கள் சோலார் பேனல் என்று சொல்லும் தகடுகளில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டு மாடிகளிலும் வயல் மோட்டார்களிலும் நாம் சாதாரணமாகக் காண்பது சிலிக்கன் ஜாதி. படிகக்கல்லை உலையில் உருக்கி, மீண்டும் மீண்டும் சுத்தி செய்து, பெரிய கட்டியாக வளர்த்து, அந்தக் கட்டியை மெல்லிய கம்பியால் சீவி வில்லைகளாக்குகிறார்கள். ஒரு வில்லையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இந்த வேலைக்கு உஷ்ணமும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகும்.

இரண்டாவது ஜாதியே பிள்ளைப்பாக்கத்தில் செய்யப்படும் மென்படலத் தகடு. இதில் வில்லையும் இல்லை, சீவுதலும் இல்லை. பெரிய கண்ணாடிப் பலகையின்மேல் காட்மியமும் டெல்லூரியமும் சேர்ந்த ஒரு பொருளை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். நமது வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாத்திரம் முழுவதையும் ஈயத்தால் செய்வது ஒரு முறை. பித்தளைமேல் ஈயத்தைப் பூசிக்கொள்வது இன்னொரு முறை. பூச்சு முறையில் விலையுயர்ந்த பொருள் மிகக் கொஞ்சமே வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடி நுழைந்தால், சுமார் நான்கு மணி நேரத்துக்குள் மறுபக்கம் தகடாக வெளிவருகிறது. அமெரிக்காவில் இந்த முறைக்கு அஸ்திவாரமிட்டவர்களில் முதன்மையானவரான ஹாரால்ட் மக்மாஸ்டர் என்பவர் கண்ணாடித் தொழிலில் பேர்போனவர் என்பது கவனிக்கத்தக்கது.

உஷ்ண தேசங்களுக்கு இதில் மற்றொரு அனுகூலமும் உண்டு. தகடு சூடேற ஏற மின்சாரம் குறையும் என்பது இரண்டு ஜாதிக்கும் பொது. நமது வெயிலில் தகட்டின் சூடு 60 டிகிரியையும் தாண்டும். அந்த நிலையில் சிலிக்கனைவிட இந்தப் படலம் சற்றுக் குறைவாகவே சோர்வடைகிறது. ஆனால் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பர்ஸ்ட் சோலார் தகடு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 19 சதவிகிதத்தை மின்சாரமாக்குகிறது; உயர்ந்த சிலிக்கன் தகடு அதற்குமேல் கொடுக்கிறது. முற்காலத்து மென்படலங்களில் சிலவற்றுக்குப் பத்து சதவிகிதம்கூட எட்டவில்லை. திறன் பாதியானால் நிலம் இரட்டிப்பாக வேண்டும். தகடு மலிவாகி நிலம் அதிகமாகப் போவதானால், அந்த மலிவுக்கு விலை கொடுப்பவன் குடியானவனே ஆவான்.

கதவு திறந்து வைத்த கதை

மென்படலத்தின் விஷயத்தில் நமக்கு ஒரு கசப்பான பாடம் ஏற்கனவே கிடைத்திருக்கிறது. 2010-ம் வருஷம், அதுவும் அதே ஜனவரி 11-ந் தேதி, ஜவஹர்லால் நேருவின் பெயரால் தேசிய சூரிய சக்தித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது அப்பொழுது வகுத்த லட்சியம். இந்தியாவிலேயே செய்த தகடுகளை உபயோகிக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நல்ல சுதேசி நிபந்தனை. ஆனால் அது சிலிக்கன் தகடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், மென்படலத் தகடுகளுக்கு விலக்கு என்றும் எழுதிவிட்டார்கள். கோட்டைச் சுவரை உயர்த்திக் கட்டிவிட்டுத் திட்டிவாசலைத் திறந்து வைத்த கதையாக முடிந்தது. அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி பாங்கி, தன் தேசத்துத் தகடுகளை வாங்குகிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கொடுக்க முன்வந்தது. நமது கம்பெனிகள் அந்தக் கடனை நாடி மென்படலத் தகடுகளையே இறக்குமதி செய்தன. உலகில் வேறெங்கும் சிறுபான்மையாக இருந்த மென்படலம் இந்தியாவில் மட்டும் பெரும்பான்மையாயிற்று. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் வேலையின்றி வாடின.

இத்துடன் நிற்கவில்லை. எஞ்சியிருந்த சுதேசி நிபந்தனையும் நியாயமற்றது என்று 2013-ல் அமெரிக்கா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்தது. 2016-ல் தீர்ப்பும் அப்பீல் தீர்ப்பும் இந்தியாவுக்கு விரோதமாக வந்தன. அமெரிக்காவின் பல ராஜ்யங்களோ தங்கள் உள்ளூர்ப் பொருளுக்கே சலுகை கொடுத்து வந்தன. அதை எடுத்துக்காட்டி இந்தியா தொடுத்த எதிர்வழக்கில் 2019-ல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் இடைப்பட்ட வருஷங்களில் போன தொழில் திரும்பி வருமா? சட்டத்தில் ஒரு சொல் தவறினால் ஒரு கைத்தொழிலே தவறிப்போகும் என்பதை வக்கீல் தொழில் செய்தவர்கள் நன்கு அறிவார்கள்.

மலிவு என்னும் மாயம்

அமெரிக்கரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. 2009-ம் வருஷ ஆரம்பத்தில், ஒரு வாட் தகட்டை ஒரு டாலருக்கும் குறைந்த செலவில் செய்து காட்டியதாக அறிவித்தவர்கள் இந்த மென்படலக்காரர்களே. அன்று உலகம் அதை அதிசயமாகப் பார்த்தது. அதற்குள் சீன தேசத்தார் சிலிக்கனில் இறங்கினர். சர்க்கார் உதவி, மலிவான கடன், பிரம்மாண்டமான ஆலைகள் ஆகியவற்றின் பலத்தால் விலையை ஆண்டுதோறும் அறுத்து வந்தனர். 2024-ல் சீனச் சிலிக்கன் தகடு ஒரு வாட்டுக்குச் சுமார் பத்து சென்ட் விலைக்கே கிடைத்தது. தகடு செய்யும் ஒவ்வொரு படியிலும் உலக உற்பத்தியில் 80 சதவிகிதத்துக்கு மேல் அவர்கள் கைக்குப் போய்விட்டது. மென்படலத்தை நம்பிய அமெரிக்கக் கம்பெனிகள் பல மாண்டன. அவற்றில் சோலிண்ட்ரா என்னும் கம்பெனி, அந்நாட்டு சர்க்கார் ஜாமீன் நின்ற 53 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு 2011-ல் திவாலாயிற்று. இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவில் மென்படலத் தகடு செய்ய முயன்ற மோசர் பேயர் கம்பெனியும் 2018-ல் கலைப்புக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில் இந்திய சர்க்கார் 2022 ஏப்ரல் முதல் அந்நியத் தகடுகளுக்கு 40 சதவிகிதச் சுங்கவரி விதித்தது. உள்நாட்டில் செய்வோருக்கு உற்பத்திக்கு ஏற்ற ஊக்கத்தொகையாக 2022-ல் 19,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த ஊக்கத்தொகைக்கு உரியவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பர்ஸ்ட் சோலாரும் ஒருவர். ஆகவே பிள்ளைப்பாக்கத்து ஆலை இந்த வரியின் நிழலில் முளைத்தது என்றால் தவறில்லை. வரியின் சுமையைத் தாங்குகிறவர்கள் மின்சாரத்துக்குப் பணம் கட்டும் நமது பிரஜைகள். அவர்கள் தாங்கும் சுமைக்கு ஈடாகத் தேசத்துக்குக் கிடைப்பது என்ன?

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, அவருடைய கப்பல்கள் அந்நிய நாட்டில் கட்டப்பட்டவையே. ஆனால் கம்பெனி நம்முடையது. லாபமும் மானமும் நம்முடையவை. இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. தகடு இங்கே செய்யப்படுகிறது. வேலை செய்யும் கைகள் நமது இளைஞர்களுடையவை. கம்பெனியும், செய்முறைக்குரிய பேடண்டு உரிமைகளும் வெளியாருடையவை. இதை நாம் துவேஷத்தால் சொல்லவில்லை. தொழிலாளி கற்பது யந்திரத்தை ஓட்டும் வித்தை. யந்திரத்தை உண்டாக்கும் வித்தை வேறு. முதலாவதோடு திருப்தியடைந்த தேசம், அந்த யந்திரம் பழையதாகும் நாளில் மீண்டும் கையேந்த வேண்டியதுதான்.

காரைக்குடிக்கு ஒரு வழி

வித்தைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை எல்லையைத் தாண்டினால் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததனால், 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின் ரசாயன ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. ரசத்தில் மின்சாரத்தைச் செலுத்தி ஒரு பொருளின்மேல் இன்னொன்றைப் படலமாகப் படியவைப்பது அந்த நிலையத்தாரின் பிறவித் தொழில் என்றே சொல்லலாம். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் படலங்களைக் குறித்தும் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிசாலையில் ஒரு தபால் தலை அளவுக்குச் செய்த படலத்துக்கும், ஆலையில் ஓர் ஆள் உயரக் கண்ணாடியில் செய்யும் படலத்துக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தைத் தாண்டப் பணமும் பொறுமையும் வேண்டும். தோல்வியைச் சகிக்கும் மனமும் வேண்டும்.

மென்படல வித்தை முடிந்துபோன கதையன்று. 2009-ல் ஜப்பானிய ஆசிரியர் மியாசாகாவும் அவருடைய மாணவர்களும் பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய ரகத்தில் சுமார் 4 சதவிகிதத் திறனோடு ஆரம்பித்தார்கள். இன்று பரிசோதனைச் சாலைகளில் அது 26 சதவிகிதத்தைத் தாண்டியிருக்கிறது. ஈரத்திலும் சூட்டிலும் அது விரைவில் கெட்டுப்போவதுதான் இன்னும் தீராத வியாதி. ஈரமும் சூடும் நம்மிடம் குறைவா? அந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்க நமது ஊர்களைவிடத் தகுந்த பரீட்சைக் களம் வேறெது? வெளியாருக்கு ஊக்கத்தொகையாகப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இத்தகைய மாதிரி ஆலை ஒன்றுக்கு ஒதுக்குமாறு மத்திய சர்க்காரையும் ராஜ்ய சர்க்காரையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பத்திரத்தில் இல்லாத ஷரத்து

இனி நிலத்தின் விஷயத்துக்கு வருவோம். ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-ல் முடிந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரவியிருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர். பிள்ளைப்பாக்கம் ஆலை ஒரு வருஷத்தில் செய்யக்கூடிய தகடுகள் அனைத்தையும் இதே கணக்கில் தரையில் விரித்தால் 12,000 ஏக்கருக்கு மேல் வேண்டும். அவற்றிலிருந்து நமது வெயிலில் வருஷத்துக்குச் சுமார் 500 கோடி யூனிட் கிடைக்கும். இது பெரிய லாபம், ஐயமில்லை. ஆனால் அந்த நிலம் யாருடையது?

சில மாதங்களுக்கு முன் திருமயம் பக்கத்துக் குடியானவர் ஒருவர் ஒரு குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து, “ஐயா, இதில் கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டார். தரகர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். முப்பது வருஷக் குத்தகை. அவருடைய பூமி அதில் “உபயோகமற்ற தரிசு” என்று எழுதப்பட்டிருந்தது. “உபயோகமற்றதா?” என்று கேட்டோம். “மழை பெய்த வருஷம் கடலை போடுவோம், பெய்யாத வருஷம் ஊர் ஆடு மேயும்” என்றார். கண்மாய்க்கு வரும் வரத்துவாரி அந்த நிலத்தின் நடுவே ஓடுகிறது. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முப்பது வருஷம் கழித்து உடைந்த கண்ணாடியையும் இரும்பையும் அகற்றி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பவர் யார் என்பதும் இல்லை. கம்பெனி கைமாறினால் குத்தகைப் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதும் இல்லை. “கையெழுத்துப் போட வேண்டாம், இந்த மூன்று ஷரத்துகளையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்” என்று அனுப்பினோம். தரகர் அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று கேள்விப்பட்டோம்.

புதுக்கோட்டை ஜனங்கள் இவ்விஷயத்தில் ஏமாளிகள் அல்லர். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஆண்களும் பெண்களும் நாட்கணக்கில் அமர்ந்திருந்ததைத் தேசமே பார்த்தது. 2020-ம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து வட்டாரங்கள் சேர்க்கப்பட்டன. அதே ஜனங்கள் 2018 நவம்பரில் கஜா புயலின் கொடுமையையும் கண்டார்கள். கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, தென்னையும் பலாவும் வேரோடு வீழ்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தொலைதூரத்திலிருந்து ஒரே கம்பியில் வரும் மின்சாரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்த இருள் கற்பித்தது.

ஆகையால் நாம் சொல்வது இது. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே முதலாளியின் வேலிக்குள் அடைப்பதைவிட, துணை மின் நிலையத்தின் அருகே எட்டுப் பத்து ஏக்கரில் இரண்டு மெகாவாட் அளவில் சிறு நிலையங்கள் அமைப்பதே இந்த ஜில்லாவுக்கு ஏற்றது. குடியானவர்களும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் சொந்தத் தரிசில் இப்படிச் செய்ய 2019-ல் ஆரம்பித்த குஸும் திட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு மெகாவாட் நிலையம் வருஷத்தில் சுமார் 30 லட்சம் யூனிட் கொடுக்கும். தமிழ்நாட்டில் சுமார் 23 லட்சம் விவசாய மோட்டார்கள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. மோட்டாருக்கு மின்சாரம் வேண்டியதும் பகலில். வெயில் கொடுப்பதும் பகலில். இந்தப் பொருத்தத்தை உபயோகித்துக்கொள்ளாதது விவேகமாகாது. புயற் காலத்தில் தனித்து நின்று ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டுமானால், சேமக்கலங்களும் தனி இணைப்பும் கூடவே வேண்டும். அதற்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

விஷமும் விவேகமும்

கடைசியாக, மென்படலத்தில் உள்ள காட்மியம் கொடிய விஷம். ஜப்பானில் ஜின்சு நதியில் சுரங்கத்துக் காட்மியம் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியை உண்டவர்கள் எலும்பு நொறுங்கிக் கதறியதை 1968-ல் அந்நாட்டு சர்க்காரே ஒப்புக்கொண்டது. தகட்டில் உள்ள காட்மியம் டெல்லூரியத்தோடு இறுகக் கலந்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள தகட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது உடைந்து குப்பைமேட்டில் கிடக்கும் தகட்டுக்கே. அதில் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியும் என்று செய்கிறவர்களே கூறுகிறார்கள். 2022-ம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இப்போதைக்கு 2034-35 வரை கழிவைப் பத்திரமாகச் சேமித்து வைக்க வேண்டும் என்பதே முக்கியமான கடமை. சேமிப்பது போதாது, திரும்ப எடுக்கும் ஆலை எங்கே, எப்பொழுது என்று இன்றே கேட்க வேண்டும்.

டெல்லூரியமோ பிளாட்டினத்தைப் போல் அரிய பொருள். தாமிரம் சுத்தி செய்யும்போது அடியில் தங்கும் கசடிலிருந்தே அது பெரும்பாலும் கிடைக்கிறது. தாமிர ஆலை என்றதும் தூத்துக்குடி நினைவுக்கு வராத தமிழர் இல்லை. 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள், ஆலை மூடப்பட்டது. புகையில்லாத மின்சாரத்துக்கும் எங்கோ ஓர் ஊரில் புகை உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. அந்தப் புகையை அடக்கிக் காட்டுவது தொழில் நடத்துவோரின் கடமை. அடக்கினார்களா என்று பார்ப்பது ஜனங்களின் உரிமை.

நமது தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் சூரிய சக்தியை வாழ்த்துவது எளிது, எதிர்ப்பதும் எளிது. இரண்டையும்விடக் கடினமான வேலை ஒன்று கிராமத்தில் காத்துக் கிடக்கிறது. குத்தகைப் பத்திரத்தை வாசித்துக் காட்டுங்கள். வரத்துவாரியையும் மேய்ச்சலையும் நிலவரைபடத்தில் குறித்து வையுங்கள். பத்துக் குடியானவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் பதிவு செய்யுங்கள். சட்டசபை அங்கத்தினர்களிடம் மாதிரி ஆலை எங்கே, கழிவை மீட்கும் ஆலை எங்கே என்று விடாமல் கேளுங்கள். வெயில் யாரும் நமக்குக் கொடுத்த தானமன்று. நம் தலைமேல் நூற்றாண்டுக் கணக்காகக் காய்ந்து வருவது. அதைக் கொண்டு நமது குழந்தைகள் வித்தை கற்று வாழ்வார்களா, வெறும் வாடகை வாங்கிப் பிழைப்பார்களா என்பது இந்தச் சில வருஷங்களில் நாம் செய்யும் காரியத்தைப் பொறுத்தே இருக்கிறது.